தெருமுனையில் நின்ற மாமா

2019 டிசம்பர் முதல் வாரத்தில் அப்பா இறந்தார். ஒரத்தநாடு பக்கம் எங்கள் ஊர். காலை எட்டு மணிக்கெல்லாம் பந்தல் போட்டாகிவிட்டது. அப்பா நாற்பது வருடத்துக்கு மேல் தி.மு.க.வில் இருந்தவர், அதில் பாதிக் காலம் கிளைச் செயலாளர். அதனால் ஒன்றியத்திலிருந்து ஆட்கள் மாலையோடு வந்தார்கள். உடம்பின் மேல் கறுப்பு சிவப்புக் கொடியைப் போர்த்தினார்கள். மூன்று மணிக்கு எடுப்பதாகப் பேச்சு. வாசலில் நின்று துக்கம் கேட்க வருகிறவர்களுக்குக் கை கொடுத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் தெருமுனையில், பெட்டிக்கடையை ஒட்டிய வேப்பமரத்தடியில், மாமா நிற்பதைப் பார்த்தேன். அம்மாவுக்குக் கூடப்பிறந்த ஒரே தம்பி. அ.தி.மு.க. கரை வேட்டி, தோளில் வெள்ளைத் துண்டு. எங்கள் வீட்டைப் பார்த்தபடியே நின்றார். வீட்டுக்கு வரவில்லை.

யாரோடோ பேசிக்கொண்டிருக்கிறார் போல, வந்துவிடுவார் என்று நினைத்தேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. அத்தைதான் வந்தார். பிறந்த வீட்டுக் கோடித் துணியை மாமா அத்தை கையில் கொடுத்தனுப்பியிருந்தார். புருஷன் செத்த வீட்டில் அக்காவுக்குக் கோடி எடுத்து வருவது தம்பியின் கடமை. எங்கள் பக்கத்தில் எவ்வளவு சண்டை இருந்தாலும் இதற்கு மட்டும் வந்துவிடுவார்கள். அம்மா கோடியை வாங்கிக்கொண்டு, "அவன் வரலையா?" என்று ஒரு தடவைதான் கேட்டார். அத்தை பதில் சொல்லாமல் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதார். பாடை தெருமுனையைக் கடந்தபோது மாமா தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டதை நான் பார்த்தேன். சுடுகாட்டுக்கு வந்தார், ஆனால் கட்சிக்காரர்கள் எல்லோரும் கிளம்பிப் போன பிறகு. வெட்டியானிடம் ஏதோ கேட்டார், கொஞ்ச நேரம் நின்றார், போய்விட்டார்.

அதன் பிறகு பத்து மாதம் நான் அவரோடு பேசவில்லை. அவர் போன் செய்தாலும் எடுக்கவில்லை. கட்சி வெறி தலைக்கேறி, செத்த மனுஷன் மேல் கிடந்த கொடிகூட அவருக்கு ஆகவில்லை என்று முடிவு கட்டிவிட்டேன். நாட்டில் எல்லாக் கட்சிக்காரர்களும் இப்படித்தான் ஆகிவிட்டார்கள், நம் வீட்டுக்குள்ளும் அது வந்துவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த முடிவு தப்பு என்று பின்னால் தெரிந்தது. ஆனால் தப்பான முடிவில் இருந்த அந்தப் பத்து மாதமும் ஒரு கேள்வி என்னை விடவே இல்லை. இதே மாமா, இதே அப்பா, 1978-ல் எப்படி இருந்தார்கள்?

1978-ல் ஒரு கல்யாணம்

அப்பா அம்மா கல்யாணம் 1978-ல் நடந்தது. சுயமரியாதைத் திருமணம். ஐயர் இல்லை, தாலி உண்டு. தி.மு.க. பேச்சாளர் ஒருவர் தலைமை தாங்கி ஒரு மணி நேரம் பேசியிருக்கிறார். அப்போது எம்.ஜி.ஆர். ஆட்சிக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. அம்மா வீட்டில் எல்லோரும் எம்.ஜி.ஆர். பக்கம். மாமாவுக்கு இருபது வயது, முன்கையில் இரட்டை இலையைப் பச்சை குத்தியிருந்தார். அந்தப் பேச்சாளர் மேடையில் எம்.ஜி.ஆரை வாங்கு வாங்கென்று வாங்கியதையும், மாமா பந்தியில் சாம்பார் வாளியோடு நின்றபடி அதைக் கேட்டுக்கொண்டிருந்ததையும், பேச்சு முடிந்ததும் அதே பேச்சாளரை உட்காரவைத்துத் தானே இலை போட்டுப் பரிமாறியதையும் அம்மா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். "உப்பு கூட ஒழுங்காத்தான் போட்டான்" என்று முடிப்பார்.

அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. அன்றைய மேடைப் பேச்சுகளில் பலவற்றை இன்றைக்குக் காது கொடுத்துக் கேட்க முடியாது. 1972-ல் எம்.ஜி.ஆர். கட்சியில் கணக்குக் கேட்டு, வெளியேற்றப்பட்டு, அக்டோபர் 17-ந் தேதி தனிக் கட்சி தொடங்கிய பிறகு எத்தனையோ ஊரில் மண்டை உடைந்திருக்கிறது. எங்கள் ஊரிலும் ஒரு கொடிக்கம்பத்துக்காக அடிதடி நடந்திருக்கிறது. ஆனால் அடிதடி முடிந்த மறுநாள் அதே டீக்கடையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்திருக்கிறார்கள். சண்டை போடவும் முடிந்தது, அப்புறம் போய் உட்காரவும் முடிந்தது. எனக்குப் புரியாதது அந்த இரண்டாவது விஷயம். அது எங்கே போயிற்று?

அப்பாவுக்குப் பிடித்த கதை ஒன்று உண்டு. 1967 தேர்தலில் பெரியார் காங்கிரசுக்கு ஓட்டுக் கேட்டார், தி.மு.க.வை ஊர் ஊராகப் போய்த் திட்டினார். அண்ணா பிரிந்து வந்து பதினெட்டு வருடம் ஆகியிருந்தது. தி.மு.க. ஜெயித்தது. பதவியேற்பதற்கு முன்னால் அண்ணா நேராகத் திருச்சிக்குப் போய்ப் பெரியாரைப் பார்த்தார். அதே போல் 1961-ல் ஈ.வெ.கி. சம்பத் கட்சியை விட்டுப் போனபோது அண்ணா சொன்னது "எங்கிருந்தாலும் வாழ்க." 1972 டிசம்பரில் ராஜாஜி இறந்தபோது, அரசியலில் பல வருடம் அவரை எதிர்த்த பெரியார் சுடுகாடு வரை போய் அழுதார். அப்பா இதையெல்லாம் சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கும். மாற்றான் தோட்டத்து மல்லிகைக்கும் மணம் உண்டு என்ற அண்ணாவின் வரியைச் சொல்லி முடிப்பார்.

கொள்கையில் தூரம் எங்கே?

கட்சிகளுக்கு நடுவே பகை முற்றுவதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் கொள்கை. இரண்டு பக்கமும் கொள்கையில் தள்ளித் தள்ளிப் போய், கடைசியில் நடுவில் பேச எதுவுமே மிஞ்சாது என்பார்கள். அமெரிக்காவில் அது பெருமளவு உண்மையாக இருக்கலாம். அங்கே 1965-ல் கறுப்பின மக்களின் வாக்குரிமைச் சட்டம் வந்த பிறகு தென்மாநில வெள்ளையர்கள் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு கட்சியிலிருந்து இன்னொன்றுக்குப் போனார்கள், இரண்டு கட்சிக்குள்ளும் இருந்த கலவை பிரிந்துபோனது. நம் ஊருக்கு அந்த விளக்கம் பொருந்தவே இல்லை.

69 சதவீத இட ஒதுக்கீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1980-ல் எம்.ஜி.ஆர். பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டை 31-லிருந்து 50 சதவீதம் ஆக்கினார். 1989-ல் கலைஞர் அதற்குள் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 சதவீதம் பிரித்தார், பிறகு பழங்குடியினருக்குத் தனியாக ஒரு சதவீதம் சேர்த்தார், கூட்டுத்தொகை 69 ஆனது. உச்ச நீதிமன்றம் 50-ஐத் தாண்டக் கூடாது என்று சொன்ன பிறகு, ஜெயலலிதா சட்டம் கொண்டு வந்து, 1994-ல் அரசியல் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணையில் அதைச் சேர்க்க வைத்தார். ஒருவர் அஸ்திவாரம் போட, ஒருவர் சுவர் எழுப்ப, ஒருவர் கூரை போட்ட மாதிரி. மதிய உணவும் அப்படித்தான். காமராஜர் தொடங்கினார், எம்.ஜி.ஆர். 1982-ல் சத்துணவாக விரித்தார், கலைஞர் முட்டை சேர்த்தார். இருமொழிக் கொள்கையில் இரண்டு கழகங்களுக்கும் பேதம் கிடையாது. அப்பாவும் மாமாவும் ரேஷன் அரிசி, ஸ்டாலின், எடப்பாடி எதைப் பற்றிச் சண்டை போட்டாலும், அரசாங்கம் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால் இருவரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்.

ஆனால் கொள்கை இவ்வளவு நெருங்கியிருந்த இதே வருடங்களில்தான் பகை ஏறிக்கொண்டே போனது. 1979 செப்டம்பரில் ஒடிசா தலைவர் பிஜு பட்நாயக் நடுவில் நின்று, சேப்பாக்கம் விருந்தினர் மாளிகையில் கலைஞரையும் எம்.ஜி.ஆரையும் உட்காரவைத்து இரண்டு கட்சிகளையும் இணைக்கப் பேசினார். ஏறக்குறைய முடிந்த பேச்சு மறுநாளே கலைந்தது. பத்து வருடம் கழித்து, 1989 மார்ச் 25-ந் தேதி, பட்ஜெட் நாளில் சட்டசபையில் கைகலப்பு. ஜெயலலிதா கலைந்த சேலையோடு வெளியே வந்தார், முதல்வராகத்தான் திரும்பி வருவேன் என்று சொல்லிப் போனார், 1991-ல் அப்படியே வந்தார். அன்றைக்கு உள்ளே யார் முதலில் கை வைத்தது என்பதை அப்பா ஒரு விதமாகச் சொல்வார், மாமா இன்னொரு விதமாகச் சொல்வார். 2001 ஜூன் 30-ந் தேதி விடிகாலையில் கலைஞரைக் கைது செய்தபோது சன் டிவி ஒரு காட்சியைக் காலையிலிருந்து ராத்திரி வரை காட்டியது. ஜெயா டிவி அதே சம்பவத்தை வேறு கோணத்தில் காட்டியது. அன்றைக்கு நான் இரண்டு வீட்டுக்கும் போயிருந்தேன். தெரு ஒன்றுதான், நடந்தால் நான்கு நிமிடம். இரண்டு வீட்டு டிவியிலும் இரண்டு வேறு ராத்திரி ஓடிக்கொண்டிருந்தது.

ஆட்சிகளும் இதே மாதிரிதான் நடந்துகொண்டன. 1986-ல் கலைக்கப்பட்ட சட்ட மேலவையைத் திரும்பக் கொண்டு வர 1989-ல் தீர்மானம், 1991-ல் அது ரத்து, 1996-ல் மறுபடி தீர்மானம், 2001-ல் ரத்து, 2010-ல் தீர்மானம், 2011-ல் ரத்து. மேலவை வேண்டுமா வேண்டாமா என்பதில் நியாயமாக இரண்டு கருத்து இருக்கலாம். ஆனால் இந்த வருடங்களை வரிசையாகப் பார்த்தால் கருத்து எதுவும் தெரியவில்லை, ஆட்சி மாறியது மட்டும்தான் தெரிகிறது. ஓமந்தூரார் தோட்டத்தில் 2010 மார்ச்சில் திறந்த புதிய தலைமைச் செயலகம் மறு வருடமே கைவிடப்பட்டு, பிறகு மருத்துவமனை ஆனது. கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் திறந்து ஒரு வருடத்திலேயே அதை இடம் மாற்ற அமைச்சரவை முடிவெடுத்தது, உயர் நீதிமன்றம் தடுத்ததால்தான் இன்றும் அங்கே இருக்கிறது. அந்த நூலகத்தில் உட்கார்ந்து போட்டித் தேர்வுக்குப் படித்தவன் நான். அன்றைக்கு வந்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

2020 அக்டோபரில் வந்த போன்

2020 அக்டோபரில் முதல்வர் எடப்பாடி பழனிசாமியின் தாயார் இறந்தார். எதிர்க்கட்சித் தலைவராக இருந்த மு.க. ஸ்டாலின் அவருடைய சென்னை இல்லத்துக்கே போய்த் துக்கம் விசாரித்தார். டிவியில் காட்டினார்கள். இருவரும் மாஸ்க் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே போன் அடித்தது. மாமா. அன்றைக்கு ஏனோ எடுத்துவிட்டேன்.

"டிவி பாத்தியா மாப்ள?"

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அவர் பக்கத்திலும் அதே செய்தி ஓடுவது போனில் கேட்டது. பிறகு, "அவங்க போலாம்" என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. "என்ன மாமா சொல்றீங்க?" என்றேன்.

"உங்கப்பா மேல எனக்கு என்னடா கோவம்? அன்னைக்கு ஒன்றியத்து ஆளுங்க பூரா உங்க வாசல்ல நின்னாங்க. பயலுவ கையில எல்லாம் போனு. நான் வந்து அந்தக் கொடி போத்துன உடம்புக்கு மாலை போட்டா, அடுத்த நிமிசம் அது எங்க மாவட்டத்து போனுக்குப் போயிரும். நாலு நாள்ல சீட்டு முடிவு பண்றாங்க. நான் உங்கப்பனுக்குப் பயந்தா நின்னேன்? எங்க ஆளுக்குப் பயந்து நின்னேன்."

அதற்கு நான் என்ன சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. உள்ளாட்சித் தேர்தலில் ஒன்றியக் கவுன்சிலர் இடத்துக்கு மாமா பணம் கட்டியிருந்தார் என்று எனக்குத் தெரியும். அந்த சீட் அவருக்குக் கிடைக்கவில்லை என்பதும் தெரியும். ஆனால் இந்த இரண்டையும் அந்த வேப்பமரத்தடியோடு நான் சேர்த்துப் பார்க்கவே இல்லை. அவருடைய வெறுப்பு எங்கள் வீட்டை நோக்கி இருக்கிறது என்று பத்து மாதம் நினைத்திருந்தேன். அவர் எங்கள் வீட்டைப் பார்த்து நின்றபோது பயந்துகொண்டிருந்தது முதுகுக்குப் பின்னால் இருந்தவர்களுக்கு.

போனை வைத்த பிறகு ஒன்று ஞாபகம் வந்தது. 2018 ஆகஸ்ட் 7, கலைஞர் இறந்த ராத்திரி. மெரினாவில் இடம் தர அரசு மறுத்து, விஷயம் இரவோடு இரவாக உயர் நீதிமன்றத்துக்குப் போயிருந்தது. அப்பா டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார், சாப்பிடவில்லை. பத்து மணிக்கு மேல் கொல்லைப்புறக் கதவு தட்டப்பட்டது. மாமா. வந்து அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில் தீர்ப்பு வருவதற்கு முன்னாலேயே, இருட்டு பிரிவதற்குள், வந்த வழியே போய்விட்டார். ஏன் கொல்லை வழியாக வந்தார் என்று நான் அன்றைக்கு யோசிக்கவில்லை. அப்பாவும் அப்படித்தான். 2012-ல் மாமா புது வீடு கட்டிக் கிரகப்பிரவேசம் செய்தபோது அமைச்சர் வருவதாக பேனர் வைத்திருந்தார்கள். அப்பா பகலில் போகவில்லை. ராத்திரி எல்லோரும் போன பிறகு, பால் பாத்திரம் ஒன்றை வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தார். "நம்மாளு யாராவது பாத்தா தப்பாப் பேசுவான்" என்று அம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. நம்மாளு. எதிர்க்கட்சிக்காரன் இல்லை.

சொந்தக் கூடாரத்தின் காவல்

இதைப் புரிந்துகொண்ட பிறகு நான் செய்தித்தாளைப் படிக்கிற விதமே மாறிவிட்டது. அ.தி.மு.க.வில் யாரையாவது நீக்கினால் வருகிற அறிக்கையைப் பாருங்கள். கட்சியின் கொள்கைக்கும் குறிக்கோளுக்கும் முரணாக நடந்ததால் அடிப்படை உறுப்பினர் பொறுப்பு உட்பட எல்லாப் பொறுப்பிலிருந்தும் நீக்கம் என்று இருக்கும். அதற்குக் கீழே, "கழக உடன்பிறப்புகள் யாரும் இவருடன் எவ்விதத் தொடர்பும் வைத்துக்கொள்ளக் கூடாது" என்று இருக்கும். பல வருடம் இதைப் படித்திருக்கிறேன், ஒரு தடவைகூட நின்று யோசித்ததில்லை. இந்த வரி எதிர்க்கட்சிக்கு எழுதப்பட்டதே இல்லை. உள்ளே இருக்கிறவனுக்கு எழுதப்பட்டது. நாளைக்கு உன் பெயர் வந்தால் உன்னோடும் யாரும் பேசமாட்டார்கள் என்று அவனுக்குச் சொல்கிறது. சம்பத்துக்கு அண்ணா சொன்ன "எங்கிருந்தாலும் வாழ்க"வையும் இந்த வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நடுவில் என்ன நடந்தது என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவைப்படாது. தி.மு.க.வின் அறிக்கையில் வார்த்தைகள் வேறாக இருக்கலாம். எங்கள் அப்பா ராத்திரியில் பால் பாத்திரத்தோடு போனதற்கு அந்தக் கட்சிதான் காரணம்.

மேலே சட்டசபையில் என்ன நடந்ததோ அதுதான் கீழே எங்கள் தெருவிலும் நடந்திருக்கிறது. 1967-ல் ஹரியானாவில் கயா லால் என்ற எம்.எல்.ஏ. இரண்டு வாரத்துக்குள் கட்சி மாறி மாறித் தாவினார், "ஆயா ராம், கயா ராம்" என்ற பேச்சு நாடு முழுக்கப் பரவியது. அந்தக் கேவலத்தை நிறுத்தத்தான் 1985-ல் ராஜீவ் காந்தி அரசு அரசியல் சட்டத்தின் 52-வது திருத்தமாகக் கட்சித் தாவல் தடைச் சட்டத்தைக் கொண்டு வந்தது. நோக்கம் நல்லது, நான் அதை மறுக்கவில்லை. ஆனால் அது சேர்த்த பத்தாவது அட்டவணை தாவுகிறவனை மட்டும் தண்டிக்கவில்லை. கட்சியிலேயே இருந்துகொண்டு கொறடா உத்தரவுக்கு மாறாக ஓட்டுப் போட்டாலும் பதவி போகும். ஒரு மசோதா தன் தொகுதியைக் கெடுக்கும் என்று எம்.எல்.ஏ.வுக்குத் தெரிந்தாலும் கட்சி சொன்ன பக்கம்தான் கை தூக்க வேண்டும். எதிர்வரிசையில் இருக்கிறவரோடு பேசி, ஒரு திருத்தத்தை ஒத்துக்கொண்டு வந்து ஓட்டுப் போட அவரால் முடியாது என்றால், எதிர்வரிசையோடு அவர் எதற்குப் பேச வேண்டும்? பேசினால் சந்தேகம்தான் மிஞ்சும். 2003-ல் 91-வது திருத்தம் வந்து, மூன்றில் ஒரு பங்குப் பேர் பிரிந்தால் தப்பிக்கலாம் என்றிருந்த வழியையும் அடைத்தது.

2017 பிப்ரவரியில் ஆளும் கட்சி எம்.எல்.ஏ.க்களைக் கூவத்தூரில் ஒரு சொகுசு விடுதியில் கொண்டுபோய் வைத்திருந்ததை எல்லோரும் பார்த்தோம். யாருக்குப் பயந்து? சொந்தக் கட்சிக்காரர்களையே நம்ப முடியாமல், சொந்தக் கட்சியே காவல் போட்டது. பிப்ரவரி 18-ந் தேதி நம்பிக்கை வாக்கெடுப்பு 122-க்கு 11 என்று முடிந்தது. அதே வருடம் செப்டம்பரில் முதல்வரை மாற்றச் சொல்லி ஆளுநரிடம் மனு கொடுத்த 18 எம்.எல்.ஏ.க்களைச் சபாநாயகர் தகுதி நீக்கம் செய்தார். அவர்கள் இன்னொரு கட்சிக்குப் போகவில்லை. எங்கள் மாமா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தால் அவரும் எந்தக் கட்சிக்கும் போயிருக்க மாட்டார்.

பயம் இருப்பதற்கு இழக்க ஏதாவது இருக்க வேண்டும். 1978-ல் மாமாவிடம் இழக்க எதுவும் இல்லை. பச்சை குத்திய கை, எம்.ஜி.ஆர். மேல் ஆசை, அவ்வளவுதான். கட்சியிலிருந்து அவருக்கு ஒரு பைசா வந்ததில்லை. 1994-ல் ஊராட்சிச் சட்டம், 1996-ல் உள்ளாட்சித் தேர்தல். அதற்குப் பிறகு கிராமத்துக்குப் பணம் வர ஆரம்பித்தது. அது நல்லதுதான், எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுச்சுவர் வந்தது அதில்தான். அந்தச் சுவரைக் கட்டியது மாமா. அப்புறம் ஒரு சிறுபாலம், ஒரு சிமெண்ட் ரோடு, அங்கன்வாடிக்கு ஒரு கட்டடம். இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தது அந்த வேலைகளில் வந்த காசில். ஆட்சி மாறினால் வேலை வராது, முடித்த வேலைக்குப் பில் பாஸ் ஆவதே இழுபறியாகிவிடும். ஆட்சி மாறாவிட்டாலும், மாவட்டத்தில் ஒருவர் முகம் சுளித்தால் போதும், அடுத்த டெண்டர் வேறு ஆளுக்குப் போய்விடும். கட்சி அவருக்குக் கொள்கையாக இருந்தபோது தி.மு.க.காரனுக்குச் சாம்பார் ஊற்ற முடிந்தது. கட்சி பிழைப்பாகிவிட்ட பிறகு முடியவில்லை.

நம் தேர்தல் முறை அந்தப் பயத்தைப் பல மடங்காக்கிவிடுகிறது. 1991-ல் தி.மு.க.வுக்கு 234-ல் இரண்டே இடம். 1996-ல் அ.தி.மு.க.வுக்கு நான்கு, பர்கூரில் ஜெயலலிதாவே தோற்றார். 2011-ல் தி.மு.க.வுக்கு 23, எதிர்க்கட்சி அந்தஸ்துகூட இல்லை. இரண்டு கட்சிகளுக்கும் எந்த நாளிலும் லட்சக்கணக்கில் ஓட்டு இருந்தது, ஆனால் தோற்றவனுக்கு ஐந்து வருடம் ஒன்றுமே இல்லை என்று ஆனது. தோல்வி இவ்வளவு முழுசாக இருக்கும்போது, தன் பக்கத்து ஆள் எதிர்ப்பக்கத்துப் பந்தலில் நிற்பதைக் கட்சி பொறுத்துக்கொள்ளாது. பழைய நாளில் அதைப் பார்க்கவாவது ஆள் வேண்டியிருந்தது. இப்போது ஒவ்வொருவர் கையிலும் கேமரா.

தலைவர்கள் விஷயம் வேறு. பெரியாரைப் பார்க்கப் போன அண்ணாவை ஏன் போனீர்கள் என்று கேட்கக் கட்சியில் ஆள் இல்லை. எடப்பாடி வீட்டுக்குப் போன ஸ்டாலினையும் யாரும் கேட்க முடியாது. 2016-ல் ஜெயலலிதா பதவியேற்பு விழாவுக்கு ஸ்டாலின் போனபோது அவருக்குப் பின்வரிசையில் இடம் கொடுத்ததும், அவமதிக்கும் எண்ணம் இல்லை என்று ஜெயலலிதா அறிக்கை விட்டதும் பெரிய செய்தியாயிற்று. 2021-ல் ஆட்சி மாறியபோது ஜெயலலிதா, எடப்பாடி படம் போட்ட லட்சக்கணக்கான பள்ளிப் பைகள் மிச்சம் இருந்தன. அவற்றை வீணாக்காமல் பிள்ளைகளுக்கே கொடுத்துவிடச் சொன்னார் ஸ்டாலின். அந்தச் செய்தியைப் படித்து நான் உண்மையாகவே சந்தோஷப்பட்டேன். அதே வருடம் மே மாதம் சென்னையில் அம்மா உணவகம் ஒன்றில் புகுந்து பெயர்ப் பலகையைப் பிடுங்கிய தொண்டர்கள் இரண்டு பேரைக் கட்சியை விட்டே நீக்கினார்கள். நீக்கியது சரி. ஆனால் பலகையைப் பிடுங்கினால் கட்சியில் நல்ல பெயர் கிடைக்கும் என்று அந்த இரண்டு பேருக்கு யார் சொல்லிக்கொடுத்தது? முப்பது வருடமாக ஒவ்வொரு ஆட்சியும் முந்தைய ஆட்சியின் பலகையைக் கழற்றுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். மேலே இருப்பவர்கள் பெருந்தன்மையாக நடந்துகொள்ளலாம், அது அவர்கள் கையில் இருக்கிறது. மாமா சொன்னது அதைத்தான். அவங்க போலாம்.

அப்பாவின் முதல் வருடத் திதி 2020 டிசம்பரில் வந்தது. கொரோனா காலம், பத்துப் பதினைந்து பேரைத்தான் கூப்பிட்டோம். மாமா வாசல் வழியாக வந்தார், அதே கரை வேட்டியோடு. செருப்பைக் கழற்றிவிட்டுக் கூடத்துக்கு வந்து அப்பாவின் படத்துக்கு முன்னால் நின்றார். படத்தில் அப்பா கறுப்பு சிவப்புத் துண்டு போட்டிருந்தார். அந்தப் படம்தான் வேண்டும் என்று அம்மா சொல்லியிருந்தார். மாமா கொண்டுவந்த மாலையைப் போட்டார். சாப்பாட்டுக்குப் பிறகு அம்மாவுக்குப் பக்கத்தில், படத்துக்கு நேர் கீழே உட்கார்ந்தார். என் தங்கை மகன் போனைத் தூக்கி, "தாத்தா, இங்க பாருங்க" என்றான். மாமாவின் கை தானாக முகத்துக்கு நேரே எழுந்தது. பாதி வழியில் நின்றது. அம்மா அவரைப் பார்த்தார். அவர் கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"எடு. குரூப்புல மட்டும் போட்ராத."